ரூ.1,250 ஏன் 0.125 ஆகிறது?

ஏற்காட்டு மிளகுக் கடை பில்லில் 'ரூ.1,250' என்று அடித்தால் 0.125 வருதுன்னு கேட்டிருந்தீங்க. குற்றவாளி கமா இல்லைங்க, 'ரூ'வுக்குப் பின்னால இருக்கிற புள்ளி. உங்க ஜாவாஸ்கிரிப்ட் வரியில இருக்கிற [^0-9.] (இலக்கமும் புள்ளியும் அல்லாத எழுத்தைத் தேடுற ரெகெக்ஸ், அதாவது தேடல் வடிவம்) மற்றதையெல்லாம் துடைத்துவிட்டு அந்தப் புள்ளியை விட்டுவைக்குது. மிச்சம் '.1250'. எழுத்தை எண்ணாக்குற பார்ஸ்ஃப்ளோட் (parseFloat) அதைச் சரியாத்தான் படிக்குது, 0.125-ன்னு.

முதலில் ^ *ரூ\.? என்பதை, அதாவது தொடக்கத்துல இருக்கிற 'ரூ'வையும் கூடவே புள்ளி இருந்தா அதையும் நீக்குங்க, அப்புறம் உங்க பழைய வரியை ஓட்டுங்க. அதில் குளோபல் கொடி (g, பொருந்துற எல்லா இடத்தையும் மாற்றச் சொல்றது) இருக்கணும், இல்லாட்டி 1,25,000-இல் முதல் கமா மட்டும்தான் போகும்.

எண்ணுக்கு முன்னால இருக்கிற எல்லாத்தையும் வெட்டுற குறுக்கு வழி வேண்டாம். அரைக் கிலோவுக்கு '.5' அடிக்கிறவங்க உண்டு, அது 5 கிலோவாயிடும். செவ்வாப்பேட்டையில ஒரு வெள்ளிக் கடைக்கு எழுதினப்ப நானே இதில் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

கடைசியா மிச்சம் இருக்கிறது ^[0-9]*\.?[0-9]+$ உடன் (ஒரே ஒரு புள்ளிக்கு மேல இல்லாத எண்) பொருந்தலைன்னா சேமிக்காம, பயனரைத் திருப்பிக் கேளுங்க. '12.5.0' வந்தா பார்ஸ்ஃப்ளோட் சத்தமில்லாம 12.5-ன்னு எடுத்துக்கும்.