பிராந்தியத் தொலைக்காட்சியில் நேரலை அறிவிப்பாளரின் வேலை என்ன? பதிவு செய்த குரல் போதாதா?

"அடுத்து வருவது இன்ன நிகழ்ச்சி" என்று சொல்ல ஓர் ஆள் எதற்கு, அதுவும் நேரலையில், ஒவ்வொரு பிராந்திய நிலையத்துக்கும் தனித்தனியாக எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பிராந்திய நிலையத்தின் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறையில் சில ஆண்டுகள் மாலைப் பணியில் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் அறிவிப்பாளன் அல்லன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் இருந்தவரின் காதில் நொடிகளை எண்ணிச் சொன்னவன். அறிவிப்பாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் குரலையும் உச்சரிப்பையும் முகத்தையும்தான் சொல்வார்கள். அவர்கள் கடிகாரத்தைக் கையாண்ட விதத்தை அருகிலிருந்து பார்த்த எனக்கு மற்றவை எல்லாம் அதற்கு அடுத்தபடியாகத்தான் தோன்றுகின்றன.

பிராந்திய நிலையம் நாள் முழுவதும் தன் சொந்த நிகழ்ச்சிகளையே ஒளிபரப்புவதில்லை. பெரும்பகுதி மைய அலைவரிசையிலிருந்து வரும். இடையிடையே உள்ளூர்ச் செய்தி, உள்ளூர் விளம்பரம், உள்ளூர்த் தயாரிப்பு என்று நிலையம் விலகிச் சென்று மீண்டும் மையத்தோடு சேர்ந்துகொள்ளும். மையத்தின் நிகழ்ச்சி 8:30 மணிக்கு என்றால் சரியாக அந்த நொடியில் தொடங்கிவிடும். நாம் தயாராக இல்லை என்பதற்காக அது காத்திருக்காது. நம்முடைய செய்தியோ நேரலை. சில நாள் 40 நொடி முன்னதாக முடியும், சில நாள் 15 நொடி இழுக்கும். விளம்பர இடைவேளையில் விற்காமல் போன இடங்களும் இருக்கும். நாடா எந்திரத்தின் கெடுபிடி வேறு. பழைய 2 அங்குல வீடியோ நாடா ஓடத் தொடங்கிப் படம் நிலைபெறச் சில நொடிகள் பிடிக்கும் என்பதால், சுமார் 10 நொடி முன்பே அதை ஓடவிட்டுவிட வேண்டும். ஓடவிட்ட பிறகு திரும்ப அழைக்க வழியில்லை. இத்தனைக்கும் நடுவே மிஞ்சுகிற இடைவெளியை, அது 7 நொடியானாலும் 70 நொடியானாலும், பார்ப்பவருக்கு இடைவெளி என்றே தெரியாதபடி அடைப்பதுதான் அறிவிப்பாளரின் வேலை.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு அவர்களுடைய தாள்களே சாட்சி. எங்கள் நிலையத்தின் மூத்த அறிவிப்பாளரான ஓர் அம்மையார், தம் வாசகத்தை எப்போதும் தாமே எழுதிக்கொள்வார். முதல் வரியும் கடைசி வரியும் மையில் இருக்கும். நடுவில் உள்ள மூன்று நான்கு வரிகள் பென்சிலில் இருக்கும். பென்சில் வரிகளில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம், எதை விட்டாலும் பேச்சு அறுந்ததாகத் தெரியாது, கடைசி வரி மட்டும் எந்நாளும் மாறாது. அந்தக் கடைசி வரியைச் சொல்ல எத்தனை நொடி ஆகும் என்பதை ஓரத்தில் குறித்து வைத்திருப்பார். நான் "பத்து" என்று எண்ணத் தொடங்கும்போது பேச்சின் நடுவில் இருப்பார், "ஆறு" எனும்போது கடைசி வரிக்குள் நுழைவார், "ஒன்று" எனும்போது புன்னகையோடு வாய் மூடியிருக்கும். காதில் ஒருவன் எண்ணிக்கொண்டே இருக்க, அதற்குத் தொடர்பில்லாத வேறொன்றைத் தடுமாறாமல் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை வீட்டில் ஒருமுறை முயன்று பார்த்தால் தெரியும்.

ஒருநாள் இரவு, நாடகம் ஒன்றின் நடுவே மையத்திலிருந்து வந்துகொண்டிருந்த இணைப்பு அறுந்துவிட்டது. வழக்கப்படி "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டையைப் போட்டேன். அந்த அட்டைக்கு ஆயுள் அதிகம் இல்லை. ஒரு நிமிடம் தாண்டினால் பார்ப்பவர் பழுது தம் பெட்டியில்தானோ என்று ஐயப்பட்டு ஆண்டெனாவைத் திருகத் தொடங்கிவிடுவார். அம்மையார் கண்ணாடி வழியாகக் கையசைத்து, தம்மைக் காட்டச் சொன்னார். திரையில் தோன்றியதும் அவர் சொன்ன முதல் வாக்கியம், "உங்கள் பெட்டியில் பழுது எதுவும் இல்லை, நிகழ்ச்சி எங்களை வந்தடையவில்லை" என்பதுதான். மன்னிப்பு அதற்குப் பிறகே வந்தது. அந்த வரிசையின் அருமை எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பிறகு நாடகத்தில் அதுவரை நடந்த கதையை விட்ட இடம் வரை நிதானமாகச் சொன்னார், மறுநாள் நிகழ்ச்சிகளைப் படித்தார், செய்தி அறையிலிருந்து யாரோ கொண்டுவந்து வைத்த வானிலைக் குறிப்பைப் படித்தார். அவரால் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாதல்லவா? நான் காதில் சொல்வது விளங்கியது என்பதற்கு அடையாளமாகப் பேனாவைத் தாளின் மேல் ஒருமுறை தட்டுவார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இணைப்பு திரும்பிவிட்டது என்று நம்பி நான் அவசரப்பட்டு எண்ணிவிட்டேன். "இதோ, விட்ட இடத்திலிருந்து" என்று அவர் முடித்தார், படம் வரவில்லை. 7 நொடி அந்தப் புன்னகை மட்டும் திரையில் இருந்தது. பணிக்குறிப்பேட்டில் தடங்கலின் நேரத்தை எழுதிய நான் அந்த 7 நொடியை மட்டும் எழுதவில்லை. மறுநாள் பார்த்தால் அவரே தம் கையெழுத்தில் அதைச் சேர்த்து, பக்கத்தில் "தம்பி, எண்ணுவதற்கு முன் பார்க்கவும்" என்று எழுதியிருந்தார்.

இனி, பிராந்தியந்தோறும் தனி அறிவிப்பாளர் எதற்கு என்ற கேள்வி. இந்த ஏற்பாடு செழித்து வளர்ந்த இடம் பிரிட்டனின் ஐடிவி. 1955 செப்டம்பர் 22 அன்று லண்டனில் தொடங்கி 1962க்குள் நாடு முழுவதும் பரவிய அந்த அலைவரிசை, உண்மையில் ஒரே நிறுவனம் அன்று. பிராந்தியத்துக்கு ஒரு நிறுவனம், அதற்கென்று ஒரு பெயர், ஒரு சின்னம், சொந்த அறிவிப்பாளர்கள். லண்டனில் வார நாள்களுக்கு ஒரு நிறுவனமும் வார இறுதிக்கு வேறொரு நிறுவனமுமாக இருந்தன. 1968 முதல் வெள்ளி மாலை வார நாள் நிறுவனமான தேம்ஸ் விடைபெற, லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் பொறுப்பேற்கும். மான்செஸ்டரில் எடுத்த அதே தொடர்தான் எல்லாப் பிராந்தியங்களிலும் ஓடியது. ஆனால் அதை வீட்டுக்குள் அழைத்து வந்தவர் அந்தந்தப் பகுதிக்காரர். வட அயர்லாந்தின் யுடிவியில் ஜூலியன் சிம்மன்ஸ் என்ற அறிவிப்பாளர், கொரோனேஷன் ஸ்ட்ரீட் தொடருக்கு முன் திரையில் தோன்றி, அதன் பாத்திரங்களைப் பக்கத்து வீட்டு வம்பு பேசுவதுபோல் கிண்டலாக அறிமுகப்படுத்துவதற்கே பெயர் பெற்றவர். வேற்றூர்த் தொடரைத் தன் ஊர்ப் பேச்சாக மாற்றிவிடும் அந்த வித்தையை மையத்திலிருந்து செய்ய முடியாது. ஊர்ப் பெயர்களை உள்ளூர்க்காரர் சொல்வதுபோல் சொல்வது இதைவிடச் சிறிய விஷயம்தான், ஆனாலும் அதில் ஒருமுறை தவறினால் தொலைபேசி ஓயாது.

தென்மேற்கு இங்கிலாந்தில் வெஸ்ட்வர்ட் நிறுவனமும், 1982இல் அதன் இடத்துக்கு வந்த டிஎஸ்டபிள்யூ நிறுவனமும் கஸ் ஹனிபன் என்ற முயல் பொம்மையை அறிவிப்பாளரின் பக்கத்தில் உட்கார வைத்திருந்தன. பிறந்தநாள் காணும் குழந்தைகளின் பெயர்களை அறிவிப்பாளர் படிப்பார். குழந்தையின் வயதுக்கு ஏற்ற எண்ணிக்கையில் முயல் துள்ளும், அல்லது கண் சிமிட்டும், அல்லது காதை ஆட்டும். 1992 முடிய அந்த முயல் திரையில் இருந்தது. பார்ப்பவருக்கு அது அன்பு. தொழில் கண்ணோடு பார்க்கும் எனக்கு அது அற்புதமான இடைவெளி நிரப்பி. குழந்தையின் பெயரை விடத்தான் முடியாது, துள்ளலை வேண்டிய அளவுக்கு வேகப்படுத்தலாம். இரண்டும் ஒன்றாகவே இருக்க முடிந்தது என்பதுதான் பிராந்திய அறிவிப்பின் சிறப்பு என்று நினைக்கிறேன். நேரத்தை நிரப்ப வேண்டிய தேவை இல்லாமல் இருந்திருந்தால், அந்த உறவு உருவாகவே நேரம் கிடைத்திருக்காது.

பின்னர் நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கிக்கொண்டன. ஒவ்வோர் ஊரிலும் ஓர் அறையும் சம்பளப் பட்டியலும் எதற்கு என்று கணக்கு பார்க்கப்பட்டது. 2002 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் பிராந்தியங்களுக்கெல்லாம் ஐடிவி1 என்ற ஒரே பெயரும், லண்டனிலிருந்து ஒரே அறிவிப்பும் வந்தன. யுடிவியின் உள்ளூர் அறிவிப்பு 2016 வரை தாக்குப்பிடித்தது. இதற்காக நான் முழுதாக வருந்துகிறேன் என்றும் சொல்ல மாட்டேன். எல்லா அறிவிப்பாளர்களும் எங்கள் அம்மையாரைப் போன்றவர்கள் அல்லர். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் "மிக மிகச் சுவையான" என்று சொல்லி, அந்தச் சொல்லையே தேய்த்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்று நிகழ்ச்சிகள் சர்வரிலிருந்து நொடி பிசகாமல் ஓடுகின்றன. நிரப்புவதற்கு இடைவெளியே இல்லாதபோது, அதை நிரப்புபவரின் தேவையும் குறையத்தான் செய்யும். சாதாரண நாளில் பதிவு செய்த குரல் போதும் என்று கூசாமல் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பதிவு செய்த குரலுக்குச் சற்றுமுன் திரையில் என்ன ஓடியது என்பது தெரியாது. ஒருமுறை எங்கள் செய்தி ஒரு விபத்தோடு முடிந்தது. இறந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். அடுத்து வர வேண்டியது நகைச்சுவை நிகழ்ச்சியின் முன்னோட்டம், அதன் பிறகு அம்மையாரின் அறிவிப்பு. செய்தி முடிய அரை நிமிடம் இருக்கும்போது அவர் ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தி, "தம்பி, முன்னோட்டத்தை எடுத்துடுங்க, சின்னத்தை மட்டும் அஞ்சு நொடி சும்மா காட்டுங்க" என்றார். எடுத்துவிட்டேன். பென்சில் வரிகள் எல்லாவற்றின் மேலும் அவர் ஒரே கோடாக அடித்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மையில் எழுதிய கடைசி வரியிலும் "மகிழ்ந்திருங்கள்" என்ற சொல்லை அடித்தார். அவர் கடைசி வரியை மாற்றி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். திரைக்கு வந்ததும் நிகழ்ச்சியின் பெயரையும் நேரத்தையும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மீதி 11 நொடிக்கு அவர் எதையும் பேசவில்லை, நானும் எண்ணவில்லை.