வழுக்கும் பெடலுக்கு முள் திருகு

கேள்வி: பூங்கா இணைப்புப் பாதை வழியாகச் சைக்கிளில் வேலைக்குச் செல்கிறேன். மழை நாள்களில் அலுமினிய பெடலில் காலணி வழுக்குகிறது. மலைப்பாதைச் சைக்கிள்களின் பெடலில் இருப்பதுபோன்ற முள் திருகுகளை வீட்டிலேயே பொருத்த இயலுமா?
– வாசகர், பொங்கோல்

பதில்: இயலும். ஆனால் துளையிடும் முன் பெடல் சட்டத்தின் கனத்தை அளந்துவிடுங்கள். 4 மி.மீ. திருகு அலுமினியத்தில் அசையாமல் நிற்க வேண்டுமானால், அதன் மரை (திருகுப் புரி) ஏறத்தாழ 6 மி.மீ. ஆழத்துக்காவது உலோகத்தைப் பற்றியிருக்க வேண்டும். துளையைச் சுற்றிலும் போதிய உலோகம் மிஞ்சவும் வேண்டும். அவ்வளவு கனம் இல்லையென்றால், மரை வெட்டாமல் சிறு போல்ட்டை ஊடே செலுத்தி நட்டு போட்டு இறுக்கலாம். பிளாஸ்டிக் பெடலில் துளையிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரிசல் விட்டால் காலுக்குத்தான் ஆபத்து.

தேவைப்படுபவை தலையில்லாத 4 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள், 3.3 மி.மீ. டிரில் பிட், 0.7 மி.மீ. இடைவெளியில் மரை வெட்டும் டேப், 2 மி.மீ. ஆலன் சாவி (அறுகோணச் சாவி) ஆகியவை. துளையிடும் இடத்தைச் ‘சென்டர் பஞ்ச்’ எனும் கூர்முனைக் கருவியால் குத்திக் குறித்துக்கொண்டால் பிட் வழுக்கி ஓடாது. டேப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாகத் திருப்ப வேண்டும்; அவசரப்பட்டால் அது துளைக்குள்ளேயே முறிந்துவிடும், அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. பெடல் எந்தப் பக்கமும் புரளக்கூடியது என்பதால் இரு முகங்களிலும் முள் இருக்க வேண்டும். சட்டம் 12 மி.மீ. கனமாக இருந்தால், ஊடுருவும் துளையில் 20 மி.மீ. நீளத் திருகைச் செலுத்தி, இருபுறமும் 4 மி.மீ. நீட்டி நிற்கும்படி வைப்பது எளிய வழி. நகரச் சாலைக்கு அதைவிட நீளமான முள் தேவையே இல்லை.

முன், பின் விளிம்புகளில் மட்டும் பொருத்துங்கள். அச்சுக்கு மேலே துளையிட்டால் உள்ளிருக்கும் பேரிங் கெட்டுவிடும். விளிம்பில் முள்ளும் நடுவில் சற்றுப் பள்ளமும் இருந்தால்தான் மென்மையான ரப்பர் அடிப்பாகம் நன்றாகப் படிந்து பிடிக்கும். அலுவலகத் தோல் காலணிக்கோ இதனால் கீறல்தான் மிச்சம். மரையில், திருகு தளராமல் பிடித்துவைக்கும் நீல நிற மரைப்பசையைத் தடவுங்கள். சிவப்புப் பசை வேண்டாம். அதைத் தடவினால், நடைபாதை விளிம்பில் இடித்து வளைந்த முள்ளைப் பின்னர் சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

இவ்வேலைக்குப் பெடலைக் கழற்றியே ஆகவேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்திருக்கும். ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திச் சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடல்களும் கழன்றுவிடும். திரும்பப் பூட்டும்போது அச்சு மரையில் கிரீஸ் தடவுங்கள். மடக்கு சைக்கிளை எம்ஆர்டி ரயிலில் கொண்டு செல்பவராக இருந்தால், பக்கத்தில் நிற்பவரின் கணுக்காலை முள் கீறாதவாறு பெடல்களுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.