இங்கிலாந்தில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குப் போனால் முதலில் சுற்றிப் பார்ப்பதா, டீ குடிப்பதா?

முதலில் மாளிகை, அப்புறம் டீ. பேரில்தான் டீ, வருவது சாண்ட்விச், ஸ்கோன் என்ற சின்ன பன், கேக் என்று ஒரு முழுச் சாப்பாடு. அதை முடித்துவிட்டு அத்தனை அறைகளையும் நடந்து பார்ப்பது சிரமம்.

உள்ளே இசை அறையை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். பாதி திறந்த கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவில் ஒரு வயலின் தொங்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அது வெறும் ஓவியம்!

தோட்டத்தில் 1844இல் இங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் அமைத்த எம்பரர் நீரூற்று இருக்கிறது. பம்பு கிடையாது, மேட்டில் வெட்டிய ஏரியிலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தமே அதைப் பீய்ச்சியடிக்கிறது. நம் கடைகளில் விற்கும் பச்சை வாழைப்பழத்தின் கேவண்டிஷ் என்ற பெயரும் இந்த வீட்டுக் குடும்பத்தின் பெயர்தான். பாக்ஸ்டன் இங்கே கண்ணாடிக் கூடத்தில் அதை வளர்த்தார்.

டீக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். சைவம் என்றால் அப்போதே சொல்லுங்கள். தட்டு அடுக்கில் சாண்ட்விச்சில் தொடங்குவது வழக்கம். ஸ்கோனை ஆறவிடாமல், குறுக்கே பிளந்து கெட்டி க்ரீமும் ஜாமும் தடவிச் சாப்பிடுங்கள்.