நெஞ்சுத் தழும்பு: ஒரு வார்டு சிஸ்டரிடம் கேட்டவை

நான் இதய அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தழும்பு பற்றி மட்டும் கேளுங்கள். மாத்திரை அளவும் ஈசிஜி படமும் உங்கள் மருத்துவருக்கு.

பைபாஸ் ஆகி மூன்று மாதம். தழும்பின் இடப்பக்கம் மரத்துக் கிடக்கிறது. நெஞ்சு ஆபரேஷனுக்குக் காலை ஏன் கீறினார்கள்?

அடைப்பைத் தாண்டி ரத்தம் போகப் புது வழி வேண்டும். அதற்குக் காலிலிருந்து ஒரு சிரையை எடுப்பார்கள். நெஞ்சின் உட்சுவரில் ஓடும் தமனியையும் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். அப்போது அங்குள்ள சிறு நரம்புகள் அடிபடுவதால் மரத்துப்போகும். மாதக்கணக்கில் மெல்லக் குறையும். சிலருக்குக் கொஞ்சம் நின்றுவிடுவதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இருமும்போது நெஞ்செலும்பு அசைவதாகத் தெரிந்தாலோ, 'டக்' என்று சத்தம் வந்தாலோ, தழும்பில் நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தழும்பு தடித்து அரிக்கிறது. எந்த கிரீம் நல்லது?

முதலில் அது எதுவரை தடித்திருக்கிறது என்று பாருங்கள். கீறிய கோட்டுக்குள்ளேயே தடித்திருந்தால் ஓரிரு வருடத்தில் தானாக அமுங்க வாய்ப்பு அதிகம். கோட்டைத் தாண்டி நல்ல தோலிலும் பரவினால் அது கீலாய்ட். நம்மைப் போன்ற கருநிறத் தோலில், அதிலும் நடுநெஞ்சில், அது அடிக்கடி வரும். புண் முழுதும் ஆறிய பிறகு சிலிகான் பட்டையை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது, இரண்டு மூன்று மாதம் ஒட்ட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் தோல் மருத்துவர் தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார். வைட்டமின் ஈ எண்ணெயால் பயனில்லை, சிலருக்குத் தோல் வெந்தது போல ஒவ்வாமைதான் மிச்சம். கீலாய்டை வெட்டி மட்டும் எடுத்தால் பல பேருக்கு முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும்.

நெஞ்செலும்பைக் கட்டிய கம்பி விமான நிலையத்தில் ஒலிக்குமா?

பெரும்பாலும் ஒலிக்காது.

அம்மாவுக்கு இளம் வயதில் ஏதோ ஆபரேஷன். இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரை தழும்பு போகிறது. காகிதம் எதுவும் இல்லை. "மூச்சு வாங்கியது, சரி செய்தார்கள்" என்கிறார்.

இப்படிக் கேட்டால் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். நடுநெஞ்சைத் தொடாமல் இடது விலாவில் கீறியிருப்பதால், பெரும்பாலும் இதயத்தைத் திறக்காமலே செய்தது. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் (தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்து இதயத்தையும் தாக்கும் காய்ச்சல்) இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கி, மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். அந்தக் காலத்தில் இதய நுரையீரல் இயந்திரம் இல்லாமல், துடிக்கும் இதயத்துக்குள் விரலையோ விரிப்பானையோ விட்டு வால்வைப் பிளந்துவிடுவார்கள். பிறந்த சில நாட்களிலேயே மூட வேண்டிய ஒரு ரத்தக் குழாய் மூடாமல் இருந்து, அதைக் கட்டியிருந்தாலும் தழும்பு இதே பக்கம்தான். எது என்று எக்கோ, அதாவது இதய ஸ்கேன், சொல்லிவிடும். வால்வு மறுபடி சுருங்கலாம், ஆகவே எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரியை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டுகிறார்.

1965இல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் பித்தப்பை ஆபரேஷன் முடிந்ததும் நிருபர்கள் முன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். மறு வருடம் டேவிட் லெவின் என்ற கார்ட்டூன்காரர் அந்தத் தழும்பை வியட்நாம் வரைபடமாக வரைந்துவிட்டார். 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தபோது இந்தத் தழும்பு அபூர்வம், இப்போது தெருவுக்கு ஒன்று தேறும். காட்டட்டும் அம்மா, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தடுங்கள்.

மகளுக்கு ஐந்து வயதில் இதய ஓட்டையை அடைத்தோம். இப்போது 25. பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல வேண்டுமா? தழும்பை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அம்மா, இவ்வளவு எழுதினீர்களே, மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லையே.

வார்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகள் எழுந்ததும் தண்ணீர் கேட்பார்கள், பொம்மை கேட்பார்கள். "ஜாக்கெட்டுக்கு மேலே தெரியுமா சிஸ்டர்?" என்று கேட்பவர் தாய். பெண் குழந்தை என்று கீறலைச் சற்று இறக்கித் தொடங்கும் சர்ஜன்களும் உண்டு. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தது நீங்கள். அந்தத் தழும்பைப் பார்த்தால் உங்களுக்கு அந்தக் காலை நேரம் திரும்ப வருகிறது. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உடம்பே அப்படித்தான்.

சொல்லுங்கள், முதல் பேச்சிலேயே. மிச்ச ஓட்டை இல்லை, நுரையீரல் ரத்தக் குழாயில் அதிக அழுத்தம் இல்லை என்று இதய மருத்துவர் சொன்னால் அவள் எல்லாரையும் போல வாழலாம், பிள்ளை பெறலாம்.

குறுக்கே ஒருவர்: குணமான நோயை எதற்குச் சொல்வது? அம்மை வந்ததைச் சொல்கிறோமா?

கர்ப்பத்துக்கு முன் அவள் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும் ஐயா. மாமியாருக்குத் தெரியாமல் எக்கோ எடுக்கப் போவாளா?

இன்னொருவர்: சொன்னதால் என் தங்கைக்கு இரண்டு வரன் தட்டிப்போயிற்று.

நல்லதாகப் போயிற்று.

வேறொருவர்: அது விழுப்புண், பெருமைப்பட வேண்டியது!

மயக்க மருந்தில் படுத்திருந்த குழந்தையைப் போர் வீராங்கனை ஆக்க வேண்டாம். சட்டம் பேச வந்தவர்கள் வழக்கறிஞரிடம் போங்கள்.

ஒரு பெண்: எனக்கும் அதே தழும்புதான். தையற்காரர் ஜாக்கெட் கழுத்தை இரண்டு விரல் இறக்கிவிட்டால் அம்மா ஊக்கு குத்தித்தான் அனுப்புவார். கல்லூரி விடுதியில் ஒரு தோழி, "வலித்ததா?" என்று கேட்டாள். நினைவில்லை என்றேன். அன்றைக்கே ஊக்கைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

மேலே கேட்ட அம்மா இதைப் படிக்க வேண்டும்.

சிஸ்டர், தழும்பு மறைய எலுமிச்சைச் சாறு தடவலாமா?

இரண்டாவது பதிலைப் பாருங்கள். எலுமிச்சையை ரசத்தில் பிழியுங்கள்.

கற்றாழை?

இரண்டாவது பதில்.

பைபாஸ் ஆகி ஐந்து வாரம். பேரனைத் தூக்கலாமா?

கூடாது ஐயா. எலும்பு கூடுவதற்குள் பளு தூக்கினால் கட்டிய கம்பி எலும்பை அறுக்கும். நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், யாராவது பிள்ளையை மடியில் கொண்டுவந்து வைக்கட்டும். 'டக்' சத்தம் பற்றி முதல் பதிலில் எழுதியிருக்கிறேன், அதைப் படித்துவிட்டுப் படுங்கள்.