அறிக்கை எப்படி இருந்தது?

கேள்வி: பல ஆண்டுகளாக என் வேலையைப் பற்றிப் பாராட்டு மட்டுமே கேட்டுப் பழகியவன் நான். சென்ற மாதம் நான் தயாரித்த அறிக்கையைப் படித்த மேலதிகாரி, எல்லோர் முன்பும் "இதில் ஆழமே இல்லை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. அவருடைய முகமும் குரலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன. "உன் தகுதி உனக்குத் தெரியும், யார் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ளாதே" என்கிறார்கள் நண்பர்கள். எந்த விமர்சனமும் தொடாத அளவுக்கு மனத்தை உறுதியாக்கிக்கொள்வது எப்படி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் அவருடைய முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, சுற்றி இருந்தவர்கள் இருக்கிறார்கள். அறிக்கையைத்தான் காணோம். அதில் ஆழம் இருந்ததா, இல்லையா? ஒரு மாதமாக அந்த ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள். அறிக்கையை எடுத்து மறுபடி படித்ததாக எங்கும் சொல்லவில்லை.

எந்த விமர்சனமும் தொடாத மனம் வேண்டும் என்கிறீர்கள். அது உங்களுக்கு வாய்க்கவே கூடாது என்பேன். அப்படிப்பட்டவர்களின் கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். முதல் கட்டுரையில் இருந்த பிழை கடைசிக் கட்டுரையிலும் அப்படியே இருக்கும்.

வெளியே உறுதியாகத் தெரிவதெல்லாம் உறுதியும் அல்ல. மைக்கேல் கெர்னிஸ் என்ற உளவியலாளர் தம் குழுவினரோடு 1989-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒருவருக்குத் தன்மதிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் அளந்தார்கள். தன்மதிப்பு உயர்ந்திருந்தும் நிலையாக நிற்காதவர்களிடம்தான் கோபமும் பகைமையும் மிக அதிகம். உயர்ந்தும் நிலைத்தும் இருந்தவர்களிடம் அவை மிகக் குறைவு. உங்களுடையது எந்த வகை என்பதை உங்கள் முதல் வாக்கியமே சொல்லிவிடுகிறது. உங்கள் மதிப்பை இத்தனை ஆண்டுகளாகப் பிறர் வாயில் விட்டுவைத்திருந்தீர்கள். அவர்கள் நல்லதாகவே சொல்லிவந்ததால் அது உறுத்தவில்லை. பாராட்டைக் கேட்டபோது "எதைப் பாராட்டுகிறீர்கள்?" என்று ஒருமுறையாவது திருப்பிக் கேட்டிருந்தால், இன்று இந்த வாக்கியத்தின் முன் இவ்வளவு நிராதரவாக நின்றிருக்க மாட்டீர்கள்.

வலிக்கத்தான் செய்யும். சிறு சிறு மாறுதல்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து புது உயிரினங்கள் உருவாகின்றன என்று வாதிட்ட சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலைத் தாக்கி, 1860 ஏப்ரலில் எழுதியவர் பெயரில்லாமல் ஒரு மதிப்புரை வந்தது. எழுதியவர் உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் என்று டார்வின் கண்டுகொண்டார். ஓவன் தன்னை இவ்வளவு தீவிரமாக வெறுப்பது வேதனை தருகிறது என்று நண்பரும் புவியியலாளருமான லயலுக்கு எழுதினார். ஓர் இரவு மனம் சரியில்லை, இன்று தேறிவிட்டேன் என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார். ஓர் இரவு! 1867-இல் இன்னொரு மதிப்புரை, அதுவும் பெயரில்லாமல். எழுதியவர் ஃப்ளீமிங் ஜென்கின். உயிரியலாளர்கூட இல்லை, பொறியாளர். எங்கோ ஓர் உயிரிடம் மட்டும் தோன்றும் புதுமை, மற்றவற்றோடு கலந்து சில தலைமுறைகளில் கரைந்துபோகாதா என்று கேட்டார். டார்வின் அதை எடைபோட்டு, அந்த வாதம் தன்னை ஏற்க வைத்துவிட்டது என்று, அதே கொள்கையைத் தனியாகக் கண்டறிந்த இயற்கையியலாளர் வாலஸுக்கு எழுதினார். 1869-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதற்கேற்பத் திருத்தமும் செய்தார். வேறெந்த மதிப்புரையைவிடவும் அது தனக்குப் பயன்பட்டது என்றார். இத்தனைக்கும் பரம்பரைப் பண்புகள் வண்ணக் கலவை போலக் கலந்துவிடும் என்ற ஜென்கினின் அடிப்படையையே பிற்கால மரபியல் தள்ளிவிட்டது. குறை சொல்பவர் முழுக்கச் சரியாக இருந்தால்தான் கேட்பேன் என்று உட்கார்ந்திருந்தால், கேட்கத் தகுந்தவர் ஒருவரும் கிடைக்க மாட்டார்.

அந்த நிதானம் டார்வினுக்கு எங்கிருந்து வந்தது? தன் கருத்துக்கு எதிரான உண்மை எதையாவது கண்டால் உடனே குறித்துவைப்பது அவர் வழக்கம். சாதகமானவற்றைவிட அவைதாம் விரைவில் மறந்துபோகும் என்று தன் வாழ்க்கைக் குறிப்பில் காரணம் சொல்கிறார். 1859-இல் வந்த முதல் பதிப்பிலேயே தன் கொள்கையின் சிக்கல்களுக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தார். தன் வேலை எங்கே பலம், எங்கே பலவீனம் என்று ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்தால், அதைச் சொல்ல வருபவரால் அவரை நிலைகுலைய வைக்க முடியாது. உங்கள் நண்பர்கள் சொல்லும் "உன் தகுதி உனக்குத் தெரியும்" என்பதை நான் இப்படித்தான் ஏற்பேன்: தகுதி தெரிந்தவருக்குத் தகுதிக் குறைவும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மேலதிகாரியையும் நான் விட்டுவிடவில்லை. க்ளூகர், டினிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல், வேலையைப் பற்றிய கருத்துரைகள் என்ன விளைவைத் தருகின்றன என்று அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் கருத்துரைக்குப் பிறகு வேலை மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு விலகி, ஆளின் மீது திரும்பத் திரும்ப அதன் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எல்லோர் முன்பும் ஒற்றை வாக்கியத்தில் அறிக்கையைத் தூக்கி எறிந்தால் அதுதான் நடக்கும். அவர் செய்தது தவறு. அதை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள், வேறொரு நாளில்.

இப்போது அறிக்கையை எடுங்கள். அவசரத்தில் எழுதிய பக்கம் எது, ஆதாரமில்லாமல் தாண்டிய இடம் எது என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவரிடம் போய், "எந்தப் பகுதியில் ஆழம் போதவில்லை?" என்று கேளுங்கள். அவர் காட்டும் இடம் உங்கள் குறிப்பிலும் இருந்தால் திருத்தி எழுதுங்கள். உங்கள் குறிப்பில் இல்லாத இடத்தைக் காட்டினால் காரணம் கேட்டு, ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யுங்கள். எந்த இடத்தையும் காட்ட அவரால் முடியவில்லை என்றால், அந்த வாக்கியத்துக்காக இனி ஓர் இரவும் விழித்திருக்க வேண்டாம்.