வாசகர் கேள்வி – பதில்: இரவில் வாடகைக்குக் கிடைத்த கணினிகள்

கேள்வி: இணையம் பரவுவதற்கு முன்பே அமெரிக்காவில் கணினி நிறுவனங்கள் தமக்கெனத் தொடர்பாடல் வலையமைப்புகளை நடத்தியதாக மகனின் பாடக் குறிப்பில் படித்தேன். இலாபம் பார்க்கும் நிறுவனங்களுக்கு மக்களைப் பேசவைப்பதில் என்ன அக்கறை?
– வாசகி, ஹட்டன்

பதில்: தொடக்கத்தில் அப்படியொரு அக்கறை அவற்றுக்கு இருக்கவில்லை. ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1969இல் தொடங்கப்பட்ட கொம்பியூசேர்வ், தன் பெருங்கணினிகளின் நேரத்தை வணிக நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தது. பகலெல்லாம் உழைத்த அக்கணினிகள் அலுவலகங்கள் மூடியதும் சும்மா கிடந்தன. ஆனால் அவற்றுக்கான செலவோ குறையவில்லை. எனவே 1979இல், வீட்டில் சிறு கணினியும், அதைத் தொலைபேசிக் கம்பி வழியே மற்றக் கணினியோடு இணைக்கும் மோடம் என்ற கருவியும் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஓய்வு நேரத்தை மணிக்கட்டணத்தில் விற்கத் தொடங்கினார்கள். ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனம் 1985இல் ஆரம்பித்த ஜீனி சேவையும் இதே கணக்கில் பிறந்ததுதான்.

1980இல் கொம்பியூசேர்வ், பலர் ஒரே வேளையில் எழுதி உரையாடும் வசதியைத் திறந்தது. மணிக்கணக்கில் கட்டணம் அறவிடும் இடத்தில் அரட்டையைவிட நல்ல சரக்கு வேறென்ன இருக்க முடியும்? அதுவும் அன்றைய 300 போட் வேக மோடத்தில் வினாடிக்கு ஏறத்தாழ முப்பது எழுத்துகளே வந்தன. எண்பது எழுத்துள்ள ஒரு வரி திரையில் நிரம்ப மூன்று வினாடி வரை ஆகும், அந்த மூன்று வினாடிக்கும் காசு. உறுப்பினர்களுக்குப் பெயருக்குப் பதிலாக நடுவில் காற்புள்ளி இட்ட ஓர் எண்ணே வழங்கப்பட்டது. பின்னிருந்த கணினிகள் எட்டின் அடிமானத்தில், அதாவது 0 முதல் 7 வரையான இலக்கங்களை மட்டும் கொண்டு எண்ணியதால், அவ்வெண்களில் 8, 9 ஆகிய இலக்கங்கள் வரவே வராது.

வேறு சில வலையமைப்புகள் வாடிக்கையாளருக்கானவையே அல்ல. ஐ.பி.எம். தன் ஊழியருக்காக வீநெட் என்ற உள்வலையை வைத்திருந்தது. 1987 டிசம்பரில் மேற்கு ஜேர்மனிய மாணவர் ஒருவர் எழுதிய கிறிஸ்மஸ் மர வாழ்த்து, பெறுபவரின் முகவரிக் கோப்பிலிருந்தோர் அனைவருக்கும் தன்னைத் தானே அனுப்பி, பல்கலைக்கழக வலைகளைக் கடந்து அந்த உள்வலைக்குள்ளும் புகுந்து நெரிசலை உண்டாக்கியது. அப்பிள் 1985இல் தொடங்கிய அப்பிள்லிங்கும் முதலில் ஊழியருக்கும் விற்பனை முகவர்களுக்கும் உரியது. அதே நிறுவனம் 1994இல் பொதுமக்களுக்காகத் திறந்த ஈவேர்ல்ட் இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை.

இவை வீழ்ந்ததற்கு விலையைவிட வேலியே பெரிய காரணம் என்பது என் கருத்து. ஒரு தோட்டத்துக் கடையின் பற்றுக் கணக்கு அடுத்த தோட்டத்தில் செல்லாததைப் போல, ஒரு சேவையின் உறுப்பினர் மற்றொன்றில் இருப்பவருக்கு மடல் எழுத நெடுங்காலம் வழி இருக்கவில்லை. பிற்காலத்தில் இணைய மடலுக்குக் கதவு திறந்தபோது கொம்பியூசேர்வ் எண்ணின் காற்புள்ளி முகவரிக்கு ஒத்துவராமல் முற்றுப்புள்ளியாக மாற்றப்பட்டது. யாரும் எங்கும் எழுதலாம் என்றான பிறகு வேலிக்குள் இருக்கக் காசு கொடுப்பவர் குறைந்தனர்.

கேள்வி: அக்காலத்தில் மலையகத்திலிருந்து இவற்றில் சேர முடிந்திருக்குமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: நடைமுறையில் முடிந்திருக்காது. அமெரிக்க நகரவாசிகள் உள்ளூர் அழைப்புக் கட்டணத்திலேயே இணைந்தார்கள்; இங்கிருந்து அழைப்பதானால் நிமிடத்துக்கு நிமிடம் வெளிநாட்டு அழைப்புக் கட்டணமும் சேர்ந்திருக்கும். தோட்டங்களில் தொலைபேசியோ அலுவலகத்திலும் துரையின் பங்களாவிலும்தான் இருந்தது. இலங்கையில் வணிக இணையச் சேவை 1995இல்தான் வந்தது. அதற்கு முன்னர் மின்னஞ்சல் என்பது பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாருக்கே எட்டிய வசதியாக இருந்தது.