இம்பிளாண்ட் பல்: பெட்டியில் இருந்த ஸ்டிக்கர் எங்கே?

கேள்வி: வயது 46. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் போன வருடம் பிடுங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் இம்பிளாண்ட் வைக்கலாம் என்று திருச்சியில் மூன்று இடங்களில் விசாரித்தேன். ஒருவர் 14,000 ரூபாய், இன்னொருவர் 28,000, மூன்றாமவர் 45,000 என்கிறார். மூவரும் ‘டைட்டானியம்தான், லைஃப்டைம் வாரண்டி’ என்றே சொல்கிறார்கள். ஒரே பொருளுக்கு இவ்வளவு வித்தியாசமா? யாரிடம் போவது?
– வாசகர், திருச்சி

பதில்: மூன்று பேரும் ஒரே பொருளுக்குத்தான் விலை சொன்னார்களா என்று முதலில் பாருங்கள். இம்பிளாண்ட் என்பது மூன்று உருப்படி. தாடை எலும்புக்குள் இறங்கும் திருகு ஒன்று. அதன் தலையில் பொருத்தும் ‘அபட்மென்ட்’ என்ற இணைப்புத் துண்டு ஒன்று. அதற்கு மேல் பல் வடிவத்தில் உட்காரும் கேப் ஒன்று. நோட்டீஸில் பெரிய எழுத்தில் வரும் விலை பல நேரம் முதல் உருப்படிக்கு மட்டும்தான். நாலு மாதம் கழித்து கேப் போடப் போகும்போது, ‘அபட்மென்ட் தனி சார், கேப்பில் மெட்டல் செராமிக் வேண்டுமா, ஜிர்கோனியா வேண்டுமா?’ என்று ஆரம்பிப்பார்கள். திருகு ஏற்கெனவே தாடைக்குள் இருக்கும். அந்த நேரத்தில் பேரம் பேச முடியாது.

அதனால் மூன்று இடங்களிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘நான் அந்தப் பல்லால் மென்று சாப்பிடுகிற நாள்வரை மொத்தம் எவ்வளவு? எழுதித் தாருங்கள்.’ ஸ்கேன், திருகு, அறுவைக் கட்டணம், தேவைப்பட்டால் எலும்பு போதாத இடத்தில் நிரப்பும் எலும்புப் பொடி, அபட்மென்ட், கேப், பிறகு வரும் பரிசோதனைகள் எல்லாம் அந்தத் தாளில் தனித்தனியாக இருக்க வேண்டும். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்பவரிடம் நானாக இருந்தால் வாய் திறக்க மாட்டேன்.

அப்புறம், எந்த கம்பெனி? ஸ்விட்சர்லாந்தின் ஸ்ட்ராமன், ஸ்வீடனில் பிறந்த நோபல் பயோகேர், கொரியாவின் ஆஸ்டெம், டென்டியம், இஸ்ரேலின் எம்ஐஎஸ், அடின் எல்லாம் நம் ஊரில் புழங்குகின்றன. கொரியா, இஸ்ரேல் தயாரிப்புகள் பொதுவாக விலை குறைவு. குறைவு என்பதாலேயே மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. திருகின் பெயரைவிட, அதற்கான உதிரி பாகம் பத்து வருடம் கழித்துக் கிடைக்குமா என்பதுதான் பெரிய கேள்வி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன்பு எனக்கும் ஒரு கடைவாய் இம்பிளாண்ட் வைத்தார்கள். ஒரு தீபாவளிக்கு மறுநாள் முறுக்கைக் கடித்தபோது கேப் லேசாக ஆடியது. வைத்த கிளினிக்கைத் தேடிப் போனால் அந்த இடத்தில் மொபைல் கடை. வேறொரு பல் மருத்துவரிடம் போனேன். கேப்பின் நடுவில் இருந்த வெள்ளை அடைப்பைச் சுரண்டி எடுத்தார். அடியில் சுருட்டி வைத்திருந்த டெஃப்லான் டேப் வெளியே வந்தது. பிளம்பர் குழாயில் சுற்றுகிற அதே டேப்தான். அதற்குக் கீழே ஒரு குட்டித் திருகு. ‘என்ன கம்பெனி?’ என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஸ்க்ரூட்ரைவர் முனை வேறு அளவு. எக்ஸ்ரேயைப் பார்த்து, படங்களோடு ஒப்பிட்டு, நாலைந்து டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு முக்கால் மணி நேரம் திணறினார். பொருந்தியதும் இறுக்கிய வேலை இரண்டே நிமிடம்.

பெட்டியோடு வரும் ஸ்டிக்கர் அன்று கையில் இருந்திருந்தால் அந்த முக்கால் மணி நேரம் மிச்சம். திருகு சீல் வைத்த குப்பியில் வரும். அதன் மேல் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண், காலாவதித் தேதி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். உரித்து ஒட்டுவதற்கென்றே கூடுதலாக ஒன்றிரண்டு வைத்திருப்பார்கள். ஒன்று கிளினிக் கேஸ் ஷீட்டில், இன்னொன்று உங்கள் கையில். இறக்குமதி ஆனது என்றால் இறக்குமதி உரிம எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். ‘குப்பியை என் முன்னால் பிரியுங்கள், ஸ்டிக்கர் எனக்கும் ஒன்று வேண்டும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லைஃப்டைம் வாரண்டி பற்றி. கம்பெனி கொடுக்கும் வாரண்டி பெரும்பாலும் அந்தத் திருகுக்கு மட்டும். கழன்றுவிட்டால் புதுத் திருகு இலவசமாக வரலாம். மறுபடி செய்யும் அறுவைக்கும், புது கேப்புக்கும், எலும்புப் பொடிக்கும் யார் பணம் கட்டுவது என்பதைக் கிளினிக்தான் சொல்ல வேண்டும். அதையும் எழுத்தில் வாங்குங்கள். ‘நூற்றுக்கு நூறு உத்தரவாதம்’ என்று போர்டு வைத்திருந்தால் கூடுதல் ஜாக்கிரதை தேவை. இந்த வைத்தியத்தின் பலன் மிக நல்லதுதான், பத்து வருடம் கழித்தும் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் நிலைத்து நிற்கின்றன. ஆனால் நூறு கிடையாது. சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை, ஈறு நோய் இருந்தால் இன்னும் குறையும்.

இனி, யார் கை வைக்கப் போகிறார்? ‘இம்பிளாண்டாலஜிஸ்ட்’ என்று போர்டில் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் நாட்டில் எம்டிஎஸ் என்ற பல் மருத்துவ மேற்படிப்பின் பிரிவுகளில் இம்பிளாண்டுக்கென்று தனிப் பிரிவு இல்லை. செயற்கைப் பல் கட்டும் பிராஸ்தோடான்டிக்ஸ், ஈறு சிகிச்சைக்கான பெரியோடான்டிக்ஸ், வாய்–முக அறுவை ஆகிய மூன்று எம்டிஎஸ் படிப்புகளிலும் இது பாடமாக வரும். பிடிஎஸ் என்ற இளநிலைப் பல் மருத்துவப் படிப்பு மட்டும் முடித்து, பயிற்சி எடுத்து, பல வருடம் கை பழகியவர்களும் நன்றாகச் செய்கிறார்கள். ஒரு வாரச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் அதே பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்பதால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சின்ன கிளினிக்குகளில் அறுவை நாளன்று வெளியிலிருந்து கன்சல்டன்ட் வந்து செய்துவிட்டுப் போவது வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் அவர் பெயர் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும், அறுவைக்கு முன்னால் ஒருமுறையாவது உங்களைப் பார்த்திருக்க வேண்டும். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணையும், மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கிளினிக் பெற்ற பதிவுச் சான்றிதழையும் சுவரில் தேடுங்கள்.

கடைசியாக ஒன்று. கீழ்க் கடைவாய் எலும்புக்குள் உதட்டுக்கும் தாடைக்கும் போகிற நரம்பு ஓடுகிறது. அதற்கு மேலே எவ்வளவு எலும்பு இருக்கிறது என்று பார்க்க சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுப்பது நல்லது. எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் சாதாரண ஓபிஜி எக்ஸ்ரேயில் எலும்பின் அகலம் தெரியாது. நரம்பில் பட்டால் உதடு மரத்துப்போய் மாதக்கணக்கில் திரும்பாமலே இருக்கலாம். ஸ்கேனுக்கு உங்கள் பணம்தான், அதனால் அதன் நகலும் உங்களுடையது. அதே ஸ்கேனை எடுத்துக்கொண்டு மூன்று இடங்களுக்கும் போங்கள். மூன்று பேரும் அதைத் திரையில் போட்டு எலும்பை அளந்து காட்டுகிறார்களா, அல்லது பார்க்காமலேயே தேதி கொடுக்கிறார்களா என்பதிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும். பக்கத்துப் பற்கள் இரண்டும் ஏற்கெனவே கேப் போட்டவை என்றால், இம்பிளாண்டே வேண்டாம், அந்தப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் போதும் என்று சொல்பவர் உங்களுக்கு நல்லது சொல்கிறார்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இலவச முகாமில் பார்த்துவிட்டு, ‘மீதிப் பற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மூன்று நாளில் ஃபிக்சட் பல் வைத்துவிடலாம், 3,60,000 ரூபாய், வட்டியில்லாத இஎம்ஐ, இன்று கையெழுத்துப் போட்டால் 40,000 தள்ளுபடி’ என்கிறார்கள். போடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இன்று போடாதீர்கள். பல் பிடுங்குவதில் இன்றைக்கே என்று அவசரப்பட ஒன்றுமில்லை, வீக்கமோ சீழோ இருந்தால் தவிர. முகாமில் டார்ச் அடித்துப் பார்த்து எல்லாப் பல்லையும் எடுக்கச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓபிஜி எடுத்து, சம்பந்தமில்லாத இன்னொரு இடத்தில் காட்டுங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அருகிலுள்ள வேறு பல் மருத்துவக் கல்லூரியோ இதற்கு நல்ல இடம். அங்கே காத்திருக்க வேண்டும், ஒரு நாள் போகும். ஆனால் பல்லை எடுத்தால் அவர்களுக்கு கமிஷன் கிடையாது.

உடனே பல் வைப்பது பொய் என்று சொல்ல மாட்டேன். திருகு எலும்பில் இறுக்கமாக உட்கார்ந்தால் சில நாளிலேயே தற்காலிகப் பல் பொருத்தும் முறை உண்டு. ஆனால் எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளர்வதற்கு மாதக்கணக்கு ஆகும். ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனிமார்க் 1950-களில் முயல் எலும்பில் இந்த ஒட்டலைக் கண்டு, 1965-ல் முதல் மனிதருக்கு வைத்த காலம் தொட்டு இதுதான் நிலை. கீழ்த்தாடைக்கு மூன்று நான்கு மாதம், மேல்தாடைக்கு இன்னும் கொஞ்சம் கூட. மூன்று நாளில் தருவது நிரந்தரப் பல்லா, தற்காலிகமா, நிரந்தரப் பல்லுக்குத் தனிப் பணமா என்று கேளுங்கள்.

அம்மா விஷயத்தில் முதலில் மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது ஹெச்பிஏ1சி பார்க்க வேண்டும். ஸ்டென்டுக்காகச் சாப்பிடும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதய மருத்துவரின் எழுத்துமூல ஆலோசனை வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, வருடம் ஒரு ஊசியோ போடுகிறாரா? போட்டால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மருந்துகள் எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. முகாமில் இதையெல்லாம் கேட்டார்களா?

உண்மையிலேயே கீழ்ப் பற்கள் எல்லாம் போக வேண்டும் என்றாலும் இவ்வளவு செலவு அவசியமில்லை. இரண்டு இம்பிளாண்ட் மட்டும் வைத்து, பட்டன் போல மாட்டிக் கழற்றுகிற பல் செட் போடலாம். பல் முழுதும் போன கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதுதான் என்று 2002-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள். பாட்டிகள் இரவில் கழற்றிக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கலாம்.

இஎம்ஐ பற்றி யாரும் சொல்லாத விஷயம்: அது பெரும்பாலும் கிளினிக் தருகிற தவணை அல்ல. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் கொடுத்து, மொத்தப் பணத்தையும் முதல் நாளே கிளினிக்குக்கு அனுப்பிவிடும். வேலை பாதியில் நின்றாலும், கிளினிக்கே மூடிப்போனாலும், கடன் உங்கள் தலையில். கட்டாவிட்டால் சிபில் கெடும். கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால், ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிற முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்த வருடாந்தரச் செலவு அதில் இருக்கும். ‘வட்டியில்லை’ என்பது உண்மையா என்று அங்கே தெரியும். முடிந்தால் கையிலிருந்து கட்டத்துக்குக் கட்டம் கட்டுங்கள்: திருகு வைத்த அன்று ஒரு பகுதி, கேப் மாட்டிய அன்று மிச்சம்.

கேள்வி: துபாயில் வேலை. இரண்டு வார லீவில் ஊருக்கு வரும்போது இம்பிளாண்டை முடித்துக்கொள்ள முடியுமா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: ஒரே லீவில் வேண்டாம். இந்த லீவில் திருகு, அடுத்த லீவில் கேப் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடைவெளி நீண்டால் எலும்புக்கு நல்லதுதான். வந்த முதல் இரண்டு நாளிலேயே அறுவையை வைத்துக்கொண்டால், தையல் பிரிப்பதும் வீக்கம் பார்ப்பதும் இங்கேயே முடியும். துபாயில் உதிரி பாகம் கிடைக்கிற கம்பெனியாகத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன ஸ்டிக்கரை பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்து மெயிலிலும் போட்டு வையுங்கள்.

கேள்வி: வைத்த இம்பிளாண்ட் ஐந்தாவது மாதம் கையோடு வந்துவிட்டது. ‘உங்கள் உடம்பு ஏற்கவில்லை, மறுபடி வைக்க முழுப் பணம்’ என்கிறார்கள். வழக்குப் போடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: போடலாம். ஆனால் இம்பிளாண்ட் கழன்றது மட்டுமே தவறான சிகிச்சைக்கு ஆதாரமாகாது. சரியாகச் செய்தும் சில கழலும். ஸ்கேன் எடுக்காமல் வைத்தார்களா, சர்க்கரையைப் பார்க்கவில்லையா, சொன்ன கம்பெனிக்குப் பதில் வேறு எதையோ வைத்தார்களா என்பது போன்ற குறை இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

முதலில் கேஸ் ஷீட், எக்ஸ்ரே, ரசீது நகல்களைக் கடிதம் எழுதிக் கேளுங்கள், பதிவுத் தபாலில். இன்னொரு பல் மருத்துவரிடம் காட்டி, என்ன கண்டார் என்று எழுதி வாங்குங்கள். சக மருத்துவரைப் பற்றி எழுத பலர் தயங்குவார்கள், கல்லூரி மருத்துவமனையில் கிடைக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தால் சில நேரம் கிளினிக்கே சமரசத்துக்கு வந்துவிடும். வராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கழன்று வந்த அந்தத் திருகு எங்கே? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு, தேதி எழுதி வையுங்கள்.